தாய்மாமன் பெயர் காணவில்லை

“பேரை எடுத்ததும் நீதான். திரும்ப வச்சதும் நீதான்!”

சண்முகராஜ் அண்ணாச்சி விரலை நீட்டி இப்படிச் சொன்னதும், பந்தக்காலுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். விரலுக்கு நேராக நின்றவள் காளீஸ்வரி. கல்யாணப் பெண் பூங்கொடியின் சித்தப்பா மகள். கோவில்பட்டி மெயின் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எச்.டி.எம்.எல், சி.எஸ்.எஸ் படிக்கிறாள். அவள் முதன்முதலாகச் செய்த இணையப் பக்கமே அக்காவின் கல்யாணப் பத்திரிகைதான்.

“நான் எடுக்கல சார்.”

“உன்னத் தவிர யார்ட்ட பாஸ்வேர்டு இருக்கு?”

“யார்ட்டயும் இல்ல. ஆனா நான் எடுக்கல.”

“கேட்டுக்கிட்டீங்களா?” என்று அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்தார். முகத்தில் ஜெயித்த களை.

நான் சாஜிதா. சண்முகராஜ் துப்பறியும் நிலையத்தின் உதவியாளர். டீ வாங்குவது, அண்ணாச்சியின் பைக் நின்றுபோனால் தள்ளுவது, கேட்காதபோதும் வாயைக் கொடுப்பது என்று மூன்று வேலை எனக்கு. எங்கள் நிலையத்துக்கு வருவதெல்லாம் மாப்பிள்ளை விசாரணைதான். குடிப்பாரா, வேலை நிஜமா, வேறு எங்காவது குடும்பம் இருக்கிறதா. பூங்கொடியின் மாப்பிள்ளையையும் நாங்கள்தான் விசாரித்துத் தங்கம் என்று சொன்னோம். மாப்பிள்ளை சுலபமாக முடிந்துவிட்டார். மாமன்தான் இப்போது மாட்டிக்கொண்டார்.

விஷயம் இதுதான். காளீஸ்வரி செய்த பத்திரிகை எல்லாச் சொந்தக்காரர் போனுக்கும் போனது. கழுகுமலையில் இருக்கும் தாய்மாமன் லிங்கராஜ், தனியார் பஸ் டிரைவர். முந்தாநாள் அவர் தன் அக்கா சங்கரம்மாளுக்கு, அதாவது பூங்கொடியின் அம்மாவுக்குப் போன் போட்டு, “பத்திரிகையில எம் பேரே இல்ல. அப்புறம் நான் எதுக்கு சீர் சுமந்துக்கிட்டு வரணும்?” என்று கேட்டு வைத்துவிட்டார். வீட்டில் எல்லோரும் பதறிப்போய் ஆளுக்கொரு போனைத் திறந்தால், பெயர் இருக்கிறது. பொன் நிறத்தில், தனி வரியில், மற்ற எல்லாப் பெயரையும்விடப் பெரிய எழுத்தில்.

எங்கள் பக்கம் பத்திரிகையில் ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனாலே பந்தியில் பாதி இலை காலியாகக் கிடக்கும். தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் மாலை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை கல்யாணம். இன்று பந்தக்கால் ஊன்றவும் லிங்கராஜ் வரவில்லை. அதனால்தான் பெண்ணின் அப்பா முத்துகிருஷ்ணன் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அண்ணாச்சிக்குக் கணக்கு ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. காளீஸ்வரியின் அப்பா பாலகணேஷுக்கும் லிங்கராஜுக்கும் ஒரு காது குத்து விசேஷத்தில் யாருக்கு முதல் மாலை என்று சண்டை. அந்த வன்மத்தில் மகள் பெயரைப் போடாமல் அனுப்பினாள். மாமன் சத்தம் போட்டதும் பயந்துபோய்ச் சேர்த்துவிட்டாள். கேட்க ஒழுங்காகத்தான் இருந்தது. எனக்குக்கூட அப்போது ஒரு குறையும் தெரியவில்லை.

“நான் எடுக்கல” என்று மூன்றாவது தடவை சொல்லும்போது அவளுக்குக் குரலே இல்லை. வடை சுட வந்தவர்கள் வரைக்கும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு அம்மாள், “படிக்கப் போறேன்னு போயி இதத்தான் படிச்சுருக்கா” என்றாள். பாலகணேஷ் மகளை அடிக்கவில்லை. அதைவிட மோசமாக, அவளுடைய கம்ப்யூட்டர் கிளாஸ் பையை எடுத்துப் பரணில் தூக்கி எறிந்தார்.

“கிளாஸும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். எல்லார் முன்னாலயும் என் தலையக் குனிய வச்சிட்டியேட்டி!”

முத்துகிருஷ்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். “கிளம்பு தாயி. வந்து மாமன் கால்ல விழு. சண்முகராஜ் அண்ணாச்சி, நீங்களும் வாங்க. நடந்தத நீங்களே அவன்ட்ட வெளக்கிச் சொல்லிருங்க.”

கழுகுமலை பஸ்ஸில் ஏறினோம். அண்ணாச்சியும் முத்துகிருஷ்ணனும் முன்னால். காளீஸ்வரி பக்கத்தில் நான். இரண்டு பக்கமும் கரிசல் காடு, உளுந்து பிடுங்கிய நிலம் கருகருவென்று வெடித்துக் கிடந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எனக்கு யாராவது பக்கத்தில் அழுதால் வாய் சும்மா இருக்காது.

“சரி, அந்தப் பக்கத்த எப்படிச் செஞ்ச? எனக்கும் சொல்லிக்குடு. அண்ணாச்சிக்கு ஒண்ணு செஞ்சு போடுதேன். ‘இங்கு மாப்பிள்ளைகள் சலவை செய்யப்படும்’னு.”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் பேச ஆரம்பித்தாள்.

“எச்.டி.எம்.எல்ங்கிறது வீட்டோட செவரு மாதிரிக்கா. சி.எஸ்.எஸ் பூச்சு, வண்ணம், எது எங்கன இருக்கணும்ங்கிறது எல்லாம். மாப்பிள வீட்டார், பொண்ணு வீட்டார், நிகழ்ச்சி நிரல்னு மூணு பெட்டி. கம்ப்யூட்டர்ல பாத்தா மூணும் பக்கத்துல பக்கத்துல நிக்கும். போன்ல பாத்தா ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எறங்கிரும். திரைக்குத் தக்க மாறிக்கிடணும், அதுக்குப் பேரு ரெஸ்பான்சிவ்.”

“பரவால்லையே. எங்க வீட்டுல யாரும் யாருக்குத் தக்கயும் மாற மாட்டாங்க.”

“மொதல்ல ஒரு பெட்டி குட்டையா, ஒரு பெட்டி நெட்டையா இருந்துச்சு. பாக்க அசிங்கமா இருக்குன்னு மூணுக்கும் ஒரே உசரம் குடுத்தேன். எழுத்து வெளிய துருத்தாம இருக்கவும் ஒரு வரி போட்டேன். மாமா பேர கடைசியில தனியா வச்சேன்க்கா. கோயில் கோபுரத்துல கலசம் மாதிரி அதுதான் கண்ணுல படணும்னு. அந்தக் கலருக்கே ஒரு நாள் ஆச்சு.” மறுபடியும் உதடு கோணியது. “நான் போயி அத எடுப்பேனா?”

நான் திரும்பிக் கண்டக்டரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருக்கு லிங்கராஜைத் தெரிந்திருந்தது.

“லிங்கராஜ் அண்ணனா? தங்கமான மனுசன். முன்ன மாதிரி ராத்திரி டிரிப் எடுக்கது இல்ல. போன வாரம் சைடு கண்ணாடிய ஒரு புளியமரத்துல ஒரசிப்புட்டாரு. கேட்டா, மரம்தான் ரோட்டுக்கு வந்துச்சுன்னு சொல்லுதாரு!”

பஸ்ஸே சிரித்தது. நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

லிங்கராஜின் வீடு மலைக்குப் பின்பக்கத் தெருவில். மனைவி தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போயிருந்தார். லிங்கராஜ் காக்கிச் சட்டை போட்டுப் புறப்படத் தயாராகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பஸ் சாவி சட்டைப் பையில். போன் கட்டிலில், பக்கத்திலேயே.

காளீஸ்வரி யாரும் சொல்வதற்கு முன்னாலேயே போய்க் காலில் விழுந்தாள். அவர் வெந்நீர் பட்டதுபோலக் காலை இழுத்துக்கொண்டார்.

“எந்திரி தாயி... எதுக்கு இது? எந்திரி.”

“மாப்ள, பிள்ள தெரியாமப் பண்ணிட்டா. இப்பப் பேரைச் சேத்தாச்சு. வா, வந்து பந்தக்காலத் தொட்டு வை” என்றார் முத்துகிருஷ்ணன்.

லிங்கராஜ் தரையைப் பார்த்தார். “இன்னும் இல்ல அத்தான்.”

“என்னது இல்ல?”

“எம் பேரு. காலைலகூடப் பாத்தேன். கடைசியா பூங்கொடியோட சின்ன அத்தை பேரு, அதுக்குக் கீழ ரோஜாப்பூ படம். அம்புட்டுதான்.”

நான் என் போனைத் திறந்தேன். சின்ன அத்தை, கீழே பொன் நிறத்தில் ‘தாய்மாமன் லிங்கராஜ்’, அதற்குக் கீழே ரோஜாப்பூ. அண்ணாச்சியும் தன் போனைத் திறந்தார். அதிலும் இருந்தது.

“ஏன் அண்ணாச்சி, பேரத் திரும்ப வச்சிட்டான்னுதான சொன்னீங்க? கோவில்பட்டியிலயும் பஸ்ஸுலயும் இருந்த பேரு இந்த வாசப்படி ஏறும்போது எறங்கிருச்சோ?”

அண்ணாச்சி என்னை முறைத்தார். ஆனால் முகத்தில் இருந்த ஜெயித்த களை போய்விட்டது. காலையில் ஐந்து நிமிஷத்தில் போட்ட கணக்கு கண் முன்னாலேயே உடைகிறது. எடுத்தவளும் திரும்ப வைத்தவளும் இவளேதான் என்றால் இந்த நேரம் எல்லாப் போனிலும் பெயர் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் எங்கள் போனில் இருக்கிறது, இவர் போனில் மட்டும் இல்லை. அப்படியானால் யாரும் எடுக்கவே இல்லை.

“லிங்கராஜ், போனக் கொஞ்சம் குடுங்க, பாப்போம்” என்றார் அண்ணாச்சி.

“எதுக்கு?” லிங்கராஜ் போனைத் தொடைக்கடியில் தள்ளினார். “நான் என்ன பொய்யா சொல்லுதேன்?”

“பொய்னு சொல்லல. பாக்கணும்.”

“தர முடியாது.”

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வேறு வழியில்லாமல் அவர் அதை எடுத்துத் திருப்பினார். நான் வாசலில் நின்றிருந்தேன். எனக்கும் கட்டிலுக்கும் நடுவே முழு அறை. அங்கிருந்தே படித்தேன், ‘முதலாளி’. நான்கு எழுத்துக்கே திரை நிறைந்து வழிந்தது.

யோசித்துப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

“யாத்தே! இந்தப் போன பஸ் முன்னால கட்டித் தொங்கவிட்டா ஊர்ப் பேர் போர்டே வேண்டாம் போலயே!”

முத்துகிருஷ்ணன் சிரித்தார். அண்ணாச்சிகூடச் சிரித்தார். லிங்கராஜ் அழைப்பை எடுக்காமல் துண்டித்தார். காது மடல் வரை அவருக்கு முகம் சிவந்து கறுத்தது. காளீஸ்வரியும் சிரிக்கவில்லை. அவள் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உங்க போனக் கொஞ்சம் குடுங்க.”

வாங்கி, செட்டிங்ஸுக்குப் போய், எழுத்தின் அளவைக் கடைசி வரைக்கும் ஏற்றினாள். பிறகு பத்திரிகையைத் திறந்தாள். பெயர்கள் ஒவ்வொன்றும் இட்லி மாதிரி உப்பி வந்தன. பெரியப்பா, சித்தி, அத்தை, சின்ன அத்தை. அத்தோடு பெட்டி முடிந்தது. கீழே ரோஜாப்பூ.

தாய்மாமன் இல்லை.

“பெட்டி உசரத்த நான் கட்டிப் போட்டுட்டேன்” என்றாள், தனக்குத்தானே. “எழுத்து பெருசானா பெட்டியும் வளரணும்ல? நான் வளர விடல. வெளிய துருத்துறத மறைன்னும் நாந்தான் எழுதுனேன். மாமா கடைசியில இருந்தாரு. அவரத்தான் மறைச்சிருச்சு.” நிமிர்ந்தாள். “எங்க வீட்டுப் போன் எல்லாத்துலயும் பாத்தேன் சார். எழுத்த யாரும் பெருசா வச்சிருப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல.”

முத்துகிருஷ்ணன் பெருமூச்சு விட்டுச் சுவரில் சாய்ந்தார். “அட, இவ்வளவுதானா! இதுக்கா ரெண்டு நாளா எல்லாருக்கும் ரத்தக் கொதிப்பு? அது சரி மாப்ள, உனக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய எழுத்து?”

அவர் சும்மாதான் கேட்டார். ஆனால் லிங்கராஜ் போனைக் கவிழ்த்து வைத்தார். எனக்குப் புளியமரம் ஞாபகம் வந்தது. ராத்திரி டிரிப் எடுக்காதது ஞாபகம் வந்தது. பஸ்ஸில் சிரித்த என் சிரிப்பே என் காதில் கேட்டது. ஓடிப்போய் எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

காளீஸ்வரிக்கும் புரிந்துவிட்டது என்று அவள் முகமே சொன்னது. அவள் சட்டென்று முந்திக்கொண்டாள்.

“போன்ல ஒண்ணும் இல்ல பெரியப்பா. தப்பு நான் எழுதுனதுலதான். வீட்டுல போய் நான்தான் பேர விட்டுட்டேன்னே சொல்லிருதேன். இதப் பத்தி யாரும் ஒண்ணும் பேச வேண்டாம். மாமா வந்தாப் போதும்.”

அவள் அப்படிச் சொன்னால் பரணில் கிடக்கும் பை பரணிலேயே கிடக்கும். அது அவளுக்கும் தெரியும். லிங்கராஜுக்கு அது தெரியாது. ஆனால் எதையோ இந்தப் பெண் தன் தலையில் அள்ளிப் போட்டுக்கொள்கிறாள் என்பது தெரிந்தது. அவர் அவளைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். சொல்லட்டும் என்று விட்டுவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

போன் மறுபடி அடித்தது. மறுபடி அதே பெரிய எழுத்து.

இந்தத் தடவை எடுத்தார். “சொல்லுங்க முதலாளி... இல்ல, புறப்படல... வேற ஆளப் போட்டுக்கிடுங்க... காய்ச்சல் எல்லாம் இல்ல முதலாளி.” சட்டைப் பையில் சாவியைத் தொட்டார். “கண்ணு தெரியல.”

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ. இவர் “ஆமா” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். சட்டைப் பையில் இருந்த சாவியை எடுத்துக் கட்டிலில் போட்டார்.

“ஆறேழு மாசமாவே பொகைக்குள்ள பாக்குத மாதிரிதான் இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனா ஓட்டக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துருவாங்க, வண்டி போயிரும்னு போகல. பஸ் நெறைய ஆள வச்சுக்கிட்டு ஓட்டிக்கிட்டு இருந்தேன் அத்தான். மனசறிஞ்சுதான் ஓட்டுனேன்.”

“மாப்ள...”

“இருங்க, இன்னும் இருக்கு. மொத நாள் நெசமாவே கோவம்தான். ஆனா அன்னைக்கு ராத்திரியே எம் பொண்டாட்டி போன்ல பாத்துட்டேன். எம் பேரு இருந்துச்சு. பளபளன்னு இருந்துச்சு. என் போன்லதான் ஏதோ கோளாறுன்னு புரிஞ்சு போச்சு. ஆனா சொன்னா, போனக் கொண்டாம்பீங்க. பாத்தா எழுத்தப் பாப்பீங்க.” இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். “கோவமா இருக்க மாதிரியே இருந்துட்டேன். இந்தப் பிள்ளையப் பழி சொல்லுவாங்கன்னு தெரியாது தாயி. ஆனா கால்ல வந்து விழுந்த பிறகும் சும்மாதான இருந்தேன்.”

எங்கள் அண்ணாச்சி வழக்கமாக உண்மை வெளியே வந்ததும் மீசையைத் தடவுவார். அன்றைக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

காளீஸ்வரி என் போனிலேயே தன் பக்கத்தைத் திறந்து திருத்தினாள். உயரத்தைக் கட்டியிருந்த வரியை எடுத்துவிட்டு, குறைந்தது இவ்வளவு, தேவைப்பட்டால் வளரட்டும் என்று ஒரு வரி. மறைக்கும் வரியை அழித்தாள். “இப்பத் தொறங்க மாமா.”

அவர் திறந்தார். ரோஜாப்பூ கீழே இறங்கி வழிவிட்டது. லிங்கராஜ் என்ற பெயர் அந்தத் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் வந்து நின்றது. அவர் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்புகிற பஸ்ஸில் லிங்கராஜும் வந்தார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், பயணியாக. கண்டக்டர் டிக்கெட் வேண்டாம் என்றார்; அவர் கட்டாயப்படுத்தி வாங்கினார். பட்டை உரிந்திருந்த அந்தப் புளியமரம் வந்தபோது அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

அண்ணாச்சி பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் சீட்டுக்கு வந்து குனிந்தார். “காளீஸ்வரி, மன்னிச்சிரும்மா” என்றார், மெதுவாக.

“அண்ணாச்சி, குத்தம் சொல்லும்போது தெருவுக்கே கேட்டுச்சு. மன்னிப்பு மட்டும் காதுல ஓதுதீங்க?” என்றேன். இது நக்கல் இல்லை. அவருக்கும் அது தெரிந்தது.

கல்யாண வீட்டில் கூட்டம் கலையாமல் இருந்தது. தம்பியைப் பார்த்ததும் சங்கரம்மாள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். லிங்கராஜ் பந்தக்காலைத் தொட்டு வைத்தார். பிறகு எல்லோரையும் பார்த்து, பாலகணேஷையும் பார்த்து, கண்ணைப் பற்றிய விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னார். அதை மறைக்கத்தான் தன் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொன்னார். கேட்டவர்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. படித்ததைப் பற்றிப் பேசிய அம்மாள் வடைச் சட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் நின்ற அதே இடத்தில் போய் நின்றார் அண்ணாச்சி. “இந்தப் பிள்ள ஒரு தப்பும் பண்ணல. தீர விசாரிக்காம, எல்லார் முன்னாலயும் பழி சொன்னது நான். எம் பேர்ல தப்பு” என்றார். இந்தத் தடவை தெருவுக்கே கேட்டது.

பாலகணேஷ் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து பையை எடுத்தார். ஒட்டடையைத் தன் துண்டாலேயே துடைத்து, மகளின் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். அவள் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். சாயங்கால கிளாஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. வாசல் வரை போனவள் நின்று திரும்பினாள்.

“நான் எடுக்கலன்னு மூணு தடவ சொன்னேன் சார். ஏன் நம்பல?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். எத்தனையோ பேரைக் கேள்வியால் மடக்கிய எங்கள் அண்ணாச்சி, வாசலுக்குப் போய் அவள் எதிரே நின்றார்.

“அவரு பெரிய மனுசன், தாய்மாமன். நீ சின்னப் பிள்ள” என்றார். “அதான் தாயி. அதத் தவிர வேற துப்பு எதுவும் என்ட்ட இல்ல.”